நாலாவது கிளாஸின் பெயர்

பியரில் எங்கள் பங்கு கிளாஸ் மட்டும்தான். என் தங்கையும் அவள் கணவரும் தலைமன்னார் வீதியில், கடற்கரைக்கு அண்மையில், ஐந்து அறைகள் கொண்ட ஒரு தங்குவிடுதி நடத்துகிறார்கள். மது விற்கும் அனுமதிப்பத்திரம் அவர்களிடம் இல்லை. தங்க வருபவர்கள் மன்னார் பட்டினத்தில் வாங்கி வருவார்கள். நாங்கள் அதைப் பிரிட்ஜில் வைத்து, அவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுப்போம். போத்தல் அவர்களுடையது, பியர் அவர்களுடையது, மறுநாள் காலைத் தலையிடியும் அவர்களுடையது. கிளாஸ் எங்களுடையது. ஆகவே கிளாஸைப் பற்றி ஒருவர் குறை சொன்னால் அது முழுக்க எங்களைச் சேர்ந்த குறை.

நான் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். விருந்தினரிடம் ஆங்கிலத்தில் பேசுவதும், பெயர்களைப் பதிவதும், காற்று எந்தப் பக்கம் என்று பலகையில் எழுதுவதும் என் வேலைகள். அன்றன்று நடந்ததைக் கொப்பியில் எழுதி வைக்கும் பழக்கம் கந்தோர்க் காலத்திலிருந்தே உண்டு. கீழே வருவதெல்லாம் அந்தக் கொப்பியில் உள்ளதுதான்.

மச்சான், அதாவது தங்கையின் கணவர், பதினொரு வருடம் கட்டாரில் குளிரூட்டிகள் திருத்தினார். அந்த உழைப்பில்தான் ஐந்து அறைகளும் எழுந்தன. அவை நிரம்பினால் அவர் இங்கே இருப்பார். நிரம்பாவிட்டால் பழைய கம்பனி அவரைத் திரும்ப எடுக்கத் தயாராக இருந்தது. இதை அவர் வாயால் சொல்வதில்லை. அவருடைய கடவுச்சீட்டு இருக்கும் இடத்தைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்வோம். அலுமாரியின் லாச்சியில் இருந்தால் இருக்கிறார். பயணப் பையின் பக்கப் பைக்குள் இருந்தால் போகிறார். போன தை மாதம் அது பயணப் பைக்குள் இருந்தது. தங்கை அதை எடுத்து லாச்சியில் வைத்தாள். மறுநாள் அது பழையபடி பைக்குள் இருந்தது. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் கடலுக்குச் சோளகக் காலத்தில், தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், வெள்ளைக்காரர் வருவார்கள். காலில் பலகையைக் கட்டி, கையில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் ஓடுவார்கள். ஊரில் அவர்களுக்குப் பட்டக்காரர் என்று பெயர். அப்படி ஆட்களைக் கூட்டமாகக் கூட்டி வருகிற பெல்ஜியத்துக்காரர் ஒருவர் முந்திய சோளகத்தில் தனியாக வந்து நான்கு நாள் தங்கினார். இடம் பார்க்க வந்தவர். உயரமானவர், அறுபதை நெருங்கியவர், அதிகம் சிரிக்காதவர்.

முதல் நாள் பின்னேரம் அவர் வாங்கி வந்த லேகரைத் தங்கை எவர்சில்வர் பேணியில் ஊற்றிக் கொடுத்தாள். சூடான நாளில் பேணி கைக்குக் குளிராக இருக்கும் என்பது அவள் எண்ணம். அவர் பேணிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதற்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை," என்றார்.

நான் அதைத் தங்கைக்குத் தமிழில் சொன்னேன்.

"பியருக்குள்ள என்ன நடக்கும்? குடிக்கிற ஆளுக்குள்ளதான் நடக்கும்," என்றாள். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் தேநீர்க் கிளாஸில் கொடுத்தோம். வாசம் இல்லை என்றார். மூன்றாம் நாள் அவரே விறாந்தையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். லேகருக்கு ஒடுங்கி உயர்ந்த கிளாஸ் வேண்டும். குமிழி கீழிருந்து மேலே ஏறும் தூரம் நீளமாக இருக்க வேண்டும், நுரை சீக்கிரம் படியக் கூடாது. கோதுமைப் பியருக்கு அதைவிட உயரமானது, இடுப்பில் ஒடுங்கி மேலே அகன்றது. அதில் நுரை அதிகம், அதற்கு இடம் வேண்டும். கறுத்த ஸ்டவுட்டுக்குக் கனத்த, வாய் அகன்ற கிளாஸ். அவர் நாட்டில் துறவிகள் காய்ச்சும் தடித்த பியர் ஒன்று இருக்கிறதாம். அதற்குக் கிண்ணம் போல, காலுடன், வாய் நன்றாக அகன்றது. அதை மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். முதலில் மூக்குக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வாய்க்குக் கொடுக்க வேண்டும். நமது நாட்டில் விற்கும் மிகக் கடுமையான பியருக்கு எந்தக் கிளாஸ் என்று கேட்டேன். ஒரு முறை குடித்துப் பார்த்திருக்கிறாராம். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைத் தகரத்திலிருந்தே குடிக்கலாம் என்றார்.

நுரை எவ்வளவு நிற்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு விரல் உயரம் என்றார். யாருடைய விரல் என்று கேட்டேன். அவர் தன் விரல்கள் இரண்டைச் சேர்த்து நீட்டினார். அடிமட்டத்தை எடுத்து வந்து அளந்தேன். முப்பத்தாறு மில்லிமீற்றர். அப்போதுதான் அவர் முதல்முறை சிரித்தார்.

போய் இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. வைக்கோல் போன்ற கடதாசித் துண்டுகளுக்குள் நான்கு கிளாஸ்கள். அவர் சொன்ன நான்கும். கூடவே ஒரு சிறிய கடிதம்: மாசி மாதம் வருவதாகவும், தன் ஆட்களை எங்கே தங்க வைப்பது என்று அப்போது முடிவெடுப்பதாகவும், துறவிகளின் பியர் ஒரு போத்தலைத் தானே கொண்டு வருவதாகவும், அதை நாலாவது கிளாஸில் குடிக்கப்போவதாகவும் எழுதியிருந்தார்.

கிளாஸ்களின் பொறுப்பு என்னிடம் வந்தது. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். விறாந்தை அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் கிளாஸில் வெள்ளைப் படலம் பிடிக்கும். ஆகவே குடிதண்ணீரில் கடைசியாக ஒரு முறை அலசினேன். ஆனால் நுரையின் பெரிய எதிரி உப்பு அல்ல, எண்ணெய். குசினித் துணியால் துடைத்த கிளாஸில் லேகரின் நுரை பதினைந்து விநாடிகூட நிற்கவில்லை. அந்தத் துணியில் தேங்காய் எண்ணெயும் மீன் பொரியலும் இருந்தன. ஒரு புதுத் துவாய் வாங்கி, "கிளாஸ் மட்டும்" என்று மூலையில் நூலால் தைத்தேன். அதற்குப் பிறகு நுரை மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றது. ஊற்றிப் பார்த்த பியரை வீணாக்க முடியாது என்பதால் நானும் மச்சானும் அதைக் குடித்தோம்.

"உங்கட ஆராய்ச்சி எத்தினை போத்தலில முடியும் அண்ணை?" என்று தங்கை கேட்டாள்.

"இன்னும் ஸ்டவுட் பாக்கேல்ல."

"அதுக்கும் ரெண்டு பேர் தேவையோ?"

"ஒராள் ஊத்த வேணும், ஒராள் மணிக்கூடு பாக்க வேணும்," என்றார் மச்சான்.

நான்கு கிளாஸ்களுக்கும் முன்னால் தட்டின் விளிம்பில் லேபல் ஒட்டினேன். நான் இல்லாத நேரத்தில் தங்கையோ மச்சானோ எடுத்துக் கொடுக்க நேரலாம். ஆங்கிலப் பெயர் எழுதினால் அவர்களுக்கு உதவாது. முதல் மூன்றும் இலகு. லேகர், கோதுமைப் பியர், ஸ்டவுட். நாலாவதைப் பெல்ஜியத்துக்காரர் 'சாலிஸ்' என்றுதான் சொல்லியிருந்தார். சொல்லின் சரியான தமிழை அகராதியில் பார்த்து, அழகான எழுத்தில் எழுதி ஒட்டினேன்: பூசைக் கிண்ணம்.

அந்தக் கிளாஸ் கனமானது. வாய் விட்டம் ஒன்பது சென்ரிமீற்றர், உயரம் பதினாறு. விளிம்பில் தங்க நிறக் கோடு. வயிற்றில் ஒரு சிறு குருசு, அதாவது சிலுவை, பொறித்திருந்தது, துறவிமடத்தின் அடையாளம். இதையெல்லாம் கொப்பியில் எழுதியிருக்கிறேன். பாதிரியார் பூசையில் ஏந்தும் கிண்ணத்தின் பெயரை லேபலில் எழுதும்போது, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கத்தோலிக்கப் பெண் அந்த அலுமாரியைத் திறந்தால் என்ன நினைப்பாள் என்று நான் யோசிக்கவில்லை. இது முழுக்க என் பிழை.

பெல்ஜியத்துக்காரர் மாசி மாதம் ஒரு புதன்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பினார். எங்கள் கரையில் இன்னும் இரண்டு இடங்களையும் பார்க்கப்போவதாக எழுதியிருந்தார். மச்சான் அறைகளுக்கு மறுபடி வெள்ளை அடித்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிளாஸ்களை ஒருமுறை அலசி வைப்போம் என்று, ஆட்கள் வராததால் ஒரு மாதத்துக்கு மேலாகத் திறக்காத அலுமாரியைத் திறந்தேன். மூன்று கிளாஸ்கள் இருந்தன. நாலாவது இடத்தில் லேபல் மட்டும் இருந்தது.

தங்கை குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நாலாவது கிளாஸ் எங்க?"

"எது, பூசைக் கிண்ணமோ?"

"ஓம்."

"அது இருக்க வேண்டிய இடத்தில இருக்கு."

"அது எந்த இடம்?"

அவள் கத்தியால் கடற்கரைப் பக்கம் காட்டினாள்.

எங்கள் வேலிக்கும் கடலுக்கும் நடுவில், மணல் பாதையில், அந்தோனியார் கூடு ஒன்று இருக்கிறது. ஆள் உயரச் சீமெந்துக் கூடு, உள்ளே சுரூபம். தொழிலுக்குப் போகிறவர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அங்கே போய்ப் பார்த்தேன். சுரூபத்தின் காலடியில் நாலாவது கிளாஸ் நின்றது. பாதி வரை தேங்காய் எண்ணெய், மேலே மிதக்கும் திரி, அதில் சுடர். கிளாஸின் வாய் அகலமாக இருந்ததால் சுடர் காற்றுக்கு ஆடியது, ஆனால் அணையவில்லை. தங்க விளிம்பு நன்றாகத் தெரிந்தது.

திரும்பி வரும்போது மச்சானும் குசினிக்கு வந்திருந்தார். அவரிடம் சொன்னேன்.

"அந்தோனியார் காணாமப் போன சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் எண்டெல்லோ சொல்லுவினம்," என்றார் மச்சான். "இப்ப அவரே எடுத்து வைச்சிருக்கிறார்."

"அவர் எடுக்கேல்ல. நான் குடுத்தனான்," என்றாள் தங்கை. "ஒம்பது செவ்வாய் விளக்கு வைக்கிறதா நேர்ந்தனான். இண்டையோட அஞ்சு."

"வேற ஒரு போத்தலில வைச்சிருக்கலாமே தங்கச்சி."

"அண்ணை, பூசைக் கிண்ணமெண்டு எழுதி ஒட்டினது நீங்கள். குருசு போட்டது அவங்கள். அதைக் கொண்டு வந்து பியர் கிளாஸுகளோட நிப்பாட்டி வைச்சிருந்தியள். எடுத்து அந்தோனியாருக்கு முன்னால வைச்சது மட்டும்தான் நான்."



"அந்த மனிசன் நாளைக்கு வருது," என்றார் மச்சான். "அதிலதான் குடிப்பனெண்டு எழுதின மனிசன். நான் போய் எடுத்துக் கழுவுறன்."

"எடுங்கோ பாப்பம்," என்றாள். வெங்காயத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னத்துக்கு நேர்ந்தனானெண்டு கேட்டிட்டு எடுங்கோ."

மச்சான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் கட்டாருக்குப் போகாமல் இருக்க எரியும் விளக்கை, அவர் கட்டாருக்குப் போகாமல் இருப்பதற்காக எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. இதில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை. அவர் வெளியே போய், வெள்ளை அடித்த சுவரில் இன்னொரு முறை வெள்ளை அடித்தார்.

எடுத்துக் கழுவினாலும் பயன் இருந்திராது. ஐந்து செவ்வாயாகத் தேங்காய் எண்ணெய் நின்ற கிளாஸில் நுரை எப்படி நிற்கும்? நுரை பற்றிய என் குறிப்புகள் இந்த விடயத்தில் தங்கையின் பக்கம்தான் இருந்தன.

புதன் காலை முதல் பஸ்ஸில் மன்னார் பட்டினத்துக்குப் போனேன். கடைகளில் தேநீர்க் கிளாஸ் இருந்தது, ஜூஸ் கிளாஸ் இருந்தது, விளையாட்டுப் போட்டிக்குக் கொடுக்கும் வெற்றிக் கிண்ணமும் இருந்தது. கடைசியாகக் குளிர்பானம் விற்கும் ஒரு கூல்பாரின் கண்ணாடித் தட்டில் நான் தேடியதைக் கண்டேன். பாலும் சேமியாவும் ஐஸ்கிறீமும் சேர்த்த பலூடா கொடுக்கும் கிளாஸ். கால் உண்டு, வயிறு உண்டு, வாய் மலர்ந்திருந்தது. கடைக்காரர் என் வயதுடைய முஸ்லிம் மனிதர்; எங்கள் பக்கத்தில் அவர்களை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"எத்தனை பலூடா சேர்?"

"முதல்ல கிளாஸ் ஒண்டைப் பாக்கலாமோ நானா?"

கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். வாய் எட்டரை. அரைச் சென்ரிமீற்றர்தான் குறைவு.

"கிளாஸுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா சேர்?"

"இல்லை. ஒரு நாளைக்கு இரவல் வேணும்."

"எடுங்க. வீட்ட ஆக்கள் வாறாங்களா?"

"ஓம். ஒரு வெள்ளைக்காரர். பியர் ஊத்திக் குடுக்க."

அவர் கையிலிருந்த துணியால் மேசையை ஒருமுறை துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நீங்க பொய் சொல்லியிருக்கலாம் சேர்."

"ஓம்."

"பொய் சொல்லியிருந்தா, நாளைக்குக் கொண்டுவந்து தந்திருப்பீங்க. நான் கழுவி அடுக்கியிருப்பன். அதுலதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பலூடா குடுத்திருப்பன்." கிளாஸைக் கடதாசியில் சுற்றி என் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்க. திருப்பித் தர வேணாம். இனி அது என்ட கிளாஸ் இல்ல. நீங்க சொன்னது எனக்குக் கேக்கவும் இல்ல."

விலையைக் கேட்டேன். காசு வாங்கினால் பியருக்கென்று விற்றதாகிவிடும் என்று மறுத்தார். சும்மா வாங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் நான் ஒரு பலூடா குடித்து, அதற்குக் காசு கொடுப்பது என்று முடிவானது. காலை ஒன்பது மணிக்கு முழுப் பலூடா ஒன்றைக் குடித்து முடித்தேன்.

பெல்ஜியத்துக்காரர் மூன்று மணிக்கு வந்தார். அறைகளைப் பார்த்தார், கட்டில்களை அழுத்திப் பார்த்தார், குளியலறையில் தண்ணீரைத் திறந்து நக்கிப் பார்த்தார். மச்சான் பின்னாலேயே போனார். தங்கை விளைமீன் குழம்பு வைத்தாள்; அதைப் பற்றி அவர் இரண்டு தடவை நல்லதாகச் சொன்னார். ஐந்து மணிக்கு விறாந்தையில் உட்கார்ந்து, துணியில் சுற்றி வந்த போத்தலை மேசையில் வைத்தார்.

நான் பலூடாக் கிளாஸைக் கொண்டு வந்து வைத்தேன்.

அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது நான் அனுப்பியது அல்லவே," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்: "அது உடைந்துவிட்டது, சேர்."

"பாவம்," என்றார் அவர். நான் கிளாஸைச் சரித்து ஊற்றினேன். முக்கால் வந்ததும் நிமிர்த்தினேன். நுரை எழுந்து மலர்ந்த வாய் வரை வந்து நின்றது. நாற்பது மில்லிமீற்றர் இருக்கும். அடிமட்டம் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. அவர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார், ஒரு மிடறு குடித்தார், தலையை அசைத்தார். பாதி குடித்ததும் எழுந்து, காற்று எப்படி என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடற்கரைப் பக்கம் நடந்தார்.

"மச்சான்," என்று மச்சான் என்னை மெதுவாகக் கூப்பிட்டார். "அந்தப் பாதையாலதான் போறார்."

"அதைவிட வேற பாதை இல்லையே."

"கூப்பிடுங்கோ. ஏதாவது சொல்லிக் கூப்பிடுங்கோ."

"என்னெண்டு?"

தங்கை கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "போகட்டும்," என்றாள். "கும்பிட்டிட்டு வரட்டும்."

விறாந்தையிலிருந்து கூட்டின் முதுகுதான் தெரியும். அவர் அதைக் கடந்து போனார். பிறகு திரும்பி வந்தார். கூட்டின் முன்பக்கம் போய் மறைந்தார். மணிக்கூட்டைப் பார்த்தேன். நான்கு நிமிடம். மச்சான் ஒரு கதிரையிலிருந்து எழுந்து இன்னொரு கதிரையில் உட்கார்ந்தார். கழுதை ஒன்று வந்து வேலியோரம் நின்றது. அதை விரட்டக்கூட யாரும் எழவில்லை.

அவர் வந்தார். உட்கார்ந்தார். மீதிப் பியரில் நுரை இன்னும் ஒரு வளையமாக நின்றது. ஒரு மிடறு குடித்தார்.

"உடைந்த கிளாஸ்," என்றார், "நன்றாக எரிகிறது."

மச்சான் தரையைப் பார்த்தார். பெல்ஜியத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் முழுவதையும் சொன்னேன். அகராதியை, லேபலை, குருசை, ஒன்பது செவ்வாயை.

"என்ன வேண்டுதல்?" என்று மட்டும் கேட்டார்.

தங்கையைப் பார்த்தேன். என்ன கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கியிருந்தது. "சொல்லுங்கோ அண்ணை," என்றாள்.

"கணவர் திரும்பவும் கட்டாருக்குப் போகக் கூடாது என்று."

"அதை யார் தீர்மானிக்கிறார்கள்?"

கேள்வி தெளிவாக இருந்தது. அதற்கு ஒரே ஒரு சரியான பதில்தான் இருந்தது.

"நீங்கள்," என்றேன்.

அவர் கிளாஸை மேசையில் வைத்தார். மச்சான் என் முழங்கையைப் பிடித்தார். "என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னனான்."

"மச்சான், உங்களுக்கு ஆரும் பொய் சொல்லப் பழக்கேல்லையோ?"

"நீங்கள் சொன்ன பொய் அரை மணித்தியாலம்தான் நிண்டது," என்றேன். "நுரைதான் அதைவிட நிண்டது."

பெல்ஜியத்துக்காரர் இன்னும் எத்தனை செவ்வாய் இருக்கிறது என்று கேட்டார். நான்கு என்றேன். மற்ற இரண்டு இடங்களையும் பார்க்காமல் தான் எதுவும் சொல்ல முடியாது என்றார். அது நியாயம்தான் என்றேன். கடைசித் துளி வரை குடித்துவிட்டு, மீன் குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை புறப்பட்டுப் போனார். போகும்போது மச்சானுக்குக் கை கொடுத்தார். தங்கைக்கு முன்னால் தலையைக் கொஞ்சம் குனிந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிக் கொப்பியில் அதிகம் இல்லை. ஆறாம் செவ்வாய். கடவுச்சீட்டு பையில். ஏழாம் செவ்வாய். கடவுச்சீட்டு பையில், மச்சான் கம்பனிக்குக் கொடுக்கப் புதுப் படம் எடுத்து வந்தார். எட்டாம் செவ்வாய், காற்று அதிகம், விளக்கு இரண்டு முறை அணைந்தது. தங்கை இரண்டு முறையும் போய் ஏற்றினாள். மூன்றாம் முறை அணைந்தபோது மச்சான் போனார். தீப்பெட்டியுடன் போனதை நான் யன்னலால் பார்த்தேன். திரும்பி வந்து, வேலி பார்க்கப் போனதாகச் சொன்னார்.

மறுநாள் புதன்கிழமை பெல்ஜியத்துக்காரரின் செய்தி வந்தது. மூன்று கூட்டத்தில் ஒன்றை எங்களிடம் அனுப்புகிறார். மற்ற இரண்டும் குளிரூட்டி உள்ள இடத்துக்குப் போகின்றன. பன்னிரண்டு பேர், ஆடி மாதம், மூன்று வாரம். அது சரியாக நடந்தால் மறு வருடம் கூடும். மச்சான் இதை மூன்று முறை என்னைக் கொண்டு வாசிப்பித்தார்.

"பதினொரு வருசம் குளிரூட்டி பூட்டின ஆளின்ர வீட்டில குளிரூட்டி இல்லையெண்டு ரெண்டு கூட்டம் போகுது," என்றார். பிறகு விறாந்தைக்குப் போய்க் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். இந்த வருடம் இல்லை என்று அவர் சொன்னது குசினி வரை கேட்டது. அடுத்த வருடம் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையும் கேட்கவில்லை. பின்னேரம் அலுமாரி லாச்சியைத் திறந்து பார்த்தேன். இருந்தது.

ஒன்பதாம் செவ்வாயும் முடிந்தபின் தங்கை கிளாஸைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "நேர்த்தி முடிஞ்சுது. இனி உங்கட ஆராய்ச்சிக்கு எடுங்கோ." சவர்க்காரத்தில் மூன்று முறை, வெந்நீரில் இரண்டு முறை, எலுமிச்சம்புளியில் ஒரு முறை கழுவி ஸ்டவுட் ஊற்றினேன். மச்சான் மணிக்கூட்டைப் பிடித்தார். நுரை பதினொரு விநாடியில் படுத்தது. கிளாஸைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, நானே கொண்டுபோய்க் கூட்டில் வைத்தேன். அலுமாரியில் இருந்த லேபலையும் உரித்தேன். வெறுமையான இடத்தில் பலூடாக் கிளாஸை வைத்து, இந்த முறை அகராதியைத் திறக்காமல், "பலூடாக் கிளாஸ். பியருக்கு" என்று எழுதினேன்.

செய்தியின் கடைசி வரியை இங்கே சொல்ல வேண்டும். தான் குடித்த அந்தக் கிளாஸ் தடித்த பியருக்கு மிகப் பொருத்தம் என்றும், பன்னிரண்டு பேருக்கும் அதே போல வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

வைகாசியில் நாங்கள் மூவரும் மன்னார் பட்டினத்துக்குப் போனோம். கூல்பார்க்காரர் என்னைக் கண்டதும் எழுந்தார்.

"அதே கிளாஸ் இன்னும் பதினொண்டு வேணும் நானா."

"பதினொண்டா? என்ன சேர், கலியாணமா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"வேணாம் சேர். சொல்ல வேணாம். உட்காருங்க."

மச்சானுக்கு விளங்கவில்லை. "ஏன் உட்காரச் சொல்லுறார்?"

"பதினொரு பலூடா குடிக்க வேணும்," என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தாள். "எனக்கு மூண்டு," என்றாள். "மிச்சத்தை ரெண்டு பேரும் பிரியுங்கோ. இவருக்கு இனிக் கட்டாருக்குப் போற அவசரமில்லைத்தானே."

முதல் மூன்று பலூடா வந்தன.